தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று எழுதலாமா?

மூழ்கிய கப்பல்களின் இடங்களைக் குறிக்கும் நம் பட்டியலிலிருந்து, என் அப்பா குறித்துவைத்த இடத்தின் பதிவை நேற்று நீக்கியதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடவே நினைத்தேன், முடியவில்லை. "உறுதிப்படுத்த இயலவில்லை" என்பதுதான் நீக்கியவர்கள் எழுதியிருக்கும் ஒரே காரணம். உறுதிப்படுத்த இயலாதது வேறு, இல்லை என்று உறுதியாவது வேறு.

கடல்வரைபடங்களில் இதற்கென்றே குறியீடுகள் இருக்கின்றன: இடம் தோராயமானது, இடம் ஐயத்துக்குரியது, இருப்பதே ஐயம். ஒரு பதிவை நீக்க விரும்புபவர், இடத்தைக் குறித்ததில் எவ்வளவு பிழை நேர்ந்திருக்கலாமோ அவ்வளவு பரப்பையும், ஒலியலைகளால் கடலடியை அறியும் சோனார் கொண்டு இடைவெளியின்றித் துழாவியிருக்க வேண்டும். சோனார் வருவதற்கு முன்பே, இரண்டு படகுகளுக்கிடையே குறித்த ஆழத்தில் கம்பியை இழுத்துச்சென்று, அது எங்கே தட்டுகிறது என்று பார்த்தவர்கள் இருந்தார்கள். இங்கே யாரும் எதையும் இழுக்கவில்லை, தேடவே இல்லை.

அந்தப் பதிவு என் அப்பாவின் நோட்டிலிருந்துதான் பட்டியலுக்குப் போனது. இழுவலை அடியில் சிக்கி, படகு ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியபோது, கயிற்றை வெட்டிவிட்டுத்தான் அவர்கள் உயிரோடு திரும்பினார்கள். கரையிலிருந்த இரண்டிரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வரும்படி பார்த்து, அந்தக் கோடுகள் வெட்டும் இடத்தை அவர் அன்றே குறித்துவைத்தார். பெரிய கப்பலின் அடி தொடாத ஆழமாக இருக்கலாம்; வலை இழுப்பவனுக்கு அதுவே ஆபத்து.

ஐயமானவற்றையெல்லாம் வைத்திருந்தால் வரைபடம் நிறைந்துபோய், மாலுமிகள் எதையும் பொருட்படுத்தமாட்டார்கள் என்கிறீர்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு வழி தேடிப் பார்ப்பதுதான், அழிப்பதல்ல. இடத்தைச் சொன்னால் கொள்ளையடிப்பார்கள் என்பவர்களுக்கு: இரும்பைத் திருடுபவர்கள் நம் பட்டியலுக்காகக் காத்திருப்பதில்லை.

இக்காலக் கருவிகள் பார்த்துக்கொள்ளும் என்பவர்கள், 1992 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் குயின் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பல் பாறையில் உரசியதை நினைத்துப் பார்க்கட்டும். வரைபடம் அங்கே 39 அடி ஆழம் காட்டியது. அந்த அளவு 1939-இல் எடுக்கப்பட்டது. குறித்துவைத்தாலும் மோதத்தானே செய்கிறார்கள் என்று ட்ரைகலர் என்ற சரக்குக் கப்பலைக் காட்டுகிறார்கள். 2002 டிசம்பர் 14 அன்று ஆங்கிலக் கால்வாயில் அது மூழ்கி இரண்டு நாள் கழித்து நிக்கோலா என்ற கப்பலும், 2003 புத்தாண்டு நாளில் விக்கி என்ற கப்பலும் அதன்மேல் மோதின என்பது உண்மைதான். ஆனால் அதற்காக யாரும் குறியீட்டை எடுத்துவிடவில்லை. புதிதாக மூழ்கிய கப்பல்களுக்கென்றே நீலமும் மஞ்சளும் பட்டையிட்ட அவசரகால மிதவையைக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு வலிப்பது இன்னொன்றும்தான். "மீனவர் வாய்மொழி" என்று அந்தப் பதிவின் ஓரத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். உயிர் தப்பி வந்தவர் சொன்னது சான்றில்லை என்றால், அங்கே இன்னொரு படகு கவிழ்ந்தால்தான் சான்றா? அளவாய்வுக்கலம் ஒருமுறையும் போகாத இடத்துக்கு அந்த மனிதர்கள் ஆண்டு முழுவதும் போய்வருகிறார்கள்.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இன்று காலை மறுபடி அனுப்பியிருக்கிறேன். ஆழம், அடையாளங்கள், வலை போன தேதி எல்லாம் அப்பாவின் கையெழுத்திலேயே இருக்கின்றன.