பாஸ்வேர்டைக் கொடுத்தவர் மட்டும்தான் குற்றவாளியா?

தகவல் பாதுகாப்பு பற்றி எந்த அலுவலகத்தில் பயிற்சி நடந்தாலும், "எவ்வளவு நல்ல சாஃப்ட்வேர் போட்டாலும் கடைசியில் கோட்டை விடுவது ஊழியர்தான்" என்ற பொருளில் ஒரு ஸ்லைடு தவறாமல் வந்துவிடும். கேட்டுக் கேட்டு நாமும் அதை நம்பிவிட்டோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஊழியர்கள் தவறே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை, ஆனால் உள்ளே இருப்பவர்களால் நடந்த பெரிய மோசடிகளை எடுத்துப் பாருங்கள், அதற்கு வழிவிட்ட பழக்கம் பல வருடமாக எல்லோர் கண் முன்னாலும் 'வேலை நடக்க வேண்டுமே' என்ற பெயரில் நடந்துகொண்டிருந்திருக்கும். மேலே இருப்பவர்களுக்கும் அது தெரியும்.

பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரம் 2018 பிப்ரவரியில் வெடித்தது. முதலில் சுமார் 11,400 கோடி ரூபாய் என்றார்கள், பிறகு 13,000 கோடியைத் தாண்டியது. நீரவ் மோடி, மெகுல் சோக்சி என்ற வைர வியாபாரிகளின் பெயர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் எப்படி நடந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து, இவர்களுடைய நிறுவனங்களுக்காக, வெளிநாட்டில் இருக்கும் இந்திய வங்கிக் கிளைகளுக்கு, 'இந்தக் கடனுக்கு நாங்கள் பொறுப்பு' என்ற உத்தரவாதம், வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் என்ற வலையமைப்பு வழியாகப் போனது. எல்ஓயு என்று அப்போது டிவியில் ஓயாமல் சொன்னார்களே, அதுதான். அப்போது அங்கே ஸ்விஃப்ட் தனி, வங்கியின் கணக்குகள் ஏறும் கோர் பேங்கிங் சாஃப்ட்வேர் தனி, இரண்டுக்கும் இணைப்பு கிடையாது. ஸ்விஃப்டில் செய்தியை அனுப்பிவிட்டு கோர் பேங்கிங்கில் என்ட்ரி போடாமல் விட்டால், அப்படி ஒரு பொறுப்பை வங்கி ஏற்றிருப்பதே அதன் கணக்கில் தெரியாது. ஒருவர் என்ட்ரி போட வேண்டும், வேறொருவர் பார்த்து பாஸ் பண்ண வேண்டும் என்ற விதி இருந்தது. பாஸ்வேர்டுகள் கைமாறியதால் அந்த விதி காகிதத்தோடு நின்றுவிட்டது என்று விசாரணையில் சொல்லப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்ட துணை மேலாளர் 2010 முதல் 2017 மே மாதம் ஓய்வு பெறும்வரை அதே கிளையில் இருந்தார். இப்படிப்பட்ட பொறுப்பில் இருப்பவரை சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வங்கிகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவரை ஏன் மாற்றவில்லை? 'அந்த வேலை அவருக்குத்தான் தெரியும்' என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். வங்கியின் உள் விசாரணையே கிளர்க் முதல் ஆடிட்டர்கள், மண்டல அலுவலகத் தலைவர்கள் வரை 54 பேரின் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டியது. ஸ்விஃப்ட் தவறாகப் பயன்படலாம் என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கியும் சொன்னது. இத்தனை பேரையும் விட்டுவிட்டு ஒரே ஓர் அதிகாரியின் பேராசைதான் காரணம் என்று கதையை முடிப்பது எவ்வளவு வசதி!

அது பிடிபட்ட விதத்தைப் பாருங்கள். அந்தத் துணை மேலாளர் ஓய்வு பெற்ற பிறகு, 2018 ஜனவரியில், நீரவ் மோடி நிறுவனங்களின் ஆட்கள் வழக்கம்போல உத்தரவாதம் கேட்டு கிளைக்கு வருகிறார்கள். புதிதாக அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் நூறு சதவீத மார்ஜின் பணம், அதாவது உத்தரவாதத் தொகை முழுவதையும் முன்கூட்டியே ஈடாகக் கட்டச் சொல்கிறார். "இதுவரை நாங்கள் கட்டியதே இல்லையே" என்கிறார்கள் இவர்கள். பழைய பதிவைத் தேடினால் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடம் எந்த சாஃப்ட்வேரும் எந்த ஆடிட்டும் பிடிக்காததை, தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரு மனிதர் பிடித்தார். ஊழியர்தான் ஓட்டை என்று பேசுபவர்கள் இதை மட்டும் சொல்வதே இல்லை.

சரி, வங்கியை விடுங்கள். ஏதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் பில்லிங் கவுன்டரில் மதியம் ஒன்றரை மணிக்குப் போய் நில்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிறவரின் மகன் முன்பணத்தில் மீதியைத் திரும்பக் கேட்கிறார், ஆட்டோ வெளியே நிற்கிறது, பின்னால் எட்டுப் பேர் வரிசை. ரீஃபண்ட் போட சூப்பர்வைசர் லாகின் வேண்டும். அவர் சாப்பிடப் போயிருப்பார், அல்லது அன்றைக்கு லீவு. கவுன்டரில் இருக்கும் பெண் போன் பண்ணுவார், "என் ஐடியிலேயே போட்டுடும்மா, பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியுமே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அந்தப் பெண் மறுத்தால் என்ன ஆகும்? வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள், மேனேஜர் வந்து அந்தப் பெண்ணைத்தான் திட்டுவார். ஆறு மாதம் கழித்து அதே ஐடியில் யாரோ பணத்தைச் சுருட்டினால், பாஸ்வேர்டைப் பகிர்ந்த குற்றத்துக்கு முதல் மெமோவும் அவருக்குத்தான் வரும். இரண்டாவது சூப்பர்வைசரைப் போடாத நிர்வாகத்துக்கு யார் மெமோ கொடுப்பது?

பாஸ்வேர்டை 45 நாளுக்கு ஒருமுறை மாற்று என்ற தொல்லை வேறு. ஊர்ப் பெயரோடு அந்த மாதத்தின் எண்ணைச் சேர்த்து வைப்பவர்கள் எந்த அலுவலகத்திலும் இருப்பார்கள், கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டுபவர்களும் இருப்பார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். லண்டனில் ஆன் ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999லேயே, மனித ஞாபகத்துக்குப் பொருந்தாத விதிகளைத் திணித்தால் மக்கள் இப்படித்தான் சமாளிப்பார்கள் என்று எழுதிவிட்டார்கள். காரணம் எதுவும் இல்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் அமைப்பும் 2017ல் சொல்லிவிட்டது. நம் ஊர் அலுவலகங்கள் பலவற்றில் 'பாஸ்வேர்டை மாற்று' என்ற அறிவிப்பு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வேண்டுமென்றே கெடுதல் செய்பவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இங்கிலாந்தின் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் உள் தணிக்கையாளராக இருந்த ஒருவர் 2014ல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் சக ஊழியர்களின் சம்பள விவரங்களை இணையத்தில் போட்டார். எட்டு வருடச் சிறை கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். அந்த ஊழியர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனால் அவர் மீது 2013ல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததும், அதே வருடக் கடைசியில் மொத்த ஊழியர்களின் சம்பளத் தரவையும் வெளித் தணிக்கையாளர்களுக்கு அனுப்பும் வேலையை அவர் கையில் கொடுத்ததும் ஒரே நிறுவனம்தான். அவர் மனதில் இருந்த கசப்பு நிறுவனத்துக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம், ஒரு லட்சம் பேரின் விவரத்தைத் தனி ஆள் பிரதி எடுக்கும்போது இன்னொரு ஜோடிக் கண்ணாவது பார்த்திருக்க வேண்டாமா?

ஊழியரை எதிரியாக நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, இணையதளப் பெயர்கள் விற்கும் அமெரிக்க நிறுவனமான கோடாடி ஓர் உதாரணம். 2020ல் கொரோனா நேரம், நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு அனுப்பிய அதே வருடம், டிசம்பரில் ஊழியர்களுக்கு 650 டாலர் போனஸ் தருவதாக ஒரு மெயில். ஆசையாக விவரம் கொடுத்த சுமார் 500 பேருக்கு இரண்டு நாள் கழித்து, 'இது ஃபிஷிங் சோதனை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள்' என்று பதில். போலி மெயிலை நம்பி ஏமாறுகிறார்களா என்று பார்க்கும் சோதனை அது. பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இப்படி அவமானப்பட்டவர் அடுத்த முறை நிஜமாகவே ஏதாவது தப்பாக க்ளிக் செய்துவிட்டால் ஓடிவந்து சொல்வாரா, வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?

அதே 2020ல், நெவாடாவில் இருக்கும் டெஸ்லா தொழிற்சாலை ஊழியர் ஒருவரிடம், நிறுவனத்தின் கணினிகளில் மால்வேர் என்ற கெடுதல் செய்யும் சாஃப்ட்வேரை ஏற்றினால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்று ஒரு ரஷ்யர் வந்து பேரம் பேசினார். அந்த ஊழியர் நேராக நிறுவனத்திடம் போய்ச் சொன்னார், எஃப்பிஐ உள்ளே வந்தது, வந்தவர் மாட்டினார். பத்து லட்சம் டாலர்! அந்தத் தொகையைக் காதால் கேட்ட பிறகும் ஒருவர் போய்ச் சொல்கிறார் என்றால், சொன்னால் கேட்பார்கள், தன்னையே சந்தேகப்பட மாட்டார்கள் என்ற தைரியம் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது, எனக்கு மிகவும் பிடித்த விதி அது. முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருடத்தில் ஒருமுறை, முன்கூட்டியே சொல்லாமல், தொடர்ந்து குறைந்தது பத்து வேலை நாள் கட்டாய லீவில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அலுவலக மெயிலைத் தவிர வேலை சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக்கூடாது. அவர் இடத்தில் வேறொருவர் உட்காரும்போது மறைத்து வைத்தது எதுவும் தானாக வெளியே வரும், பிராடி ஹவுஸில் வந்ததைப் போல. யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் பொது. ஆனால் இதற்கு அந்த வேலை தெரிந்த இன்னோர் ஆள் கிளையில் இருக்க வேண்டும். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் பார்க்கும் கிளையில், லீவில் போனவருக்கு முதல் நாள் காலை பத்தரைக்கே ஓடிபி கேட்டு போன் வந்துவிடும். ஆள் எடுக்கச் சொல்லிக் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள், புதிய கண்காணிப்பு சாஃப்ட்வேர் வாங்க மட்டும் பட்ஜெட் இருக்கிறது. அடுத்த முறை அந்த ஸ்லைடு வரும்போது யாராவது எழுந்து இதைக் கேளுங்கள்: நம் பிரிவில் ஒருவர் பத்து நாள் லீவில் போனால், அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் வேலை நடக்குமா?