போர்டுல 1500-னு இருக்கும், உள்ள போனா போன வருஷ பெயின்ட்

லண்டன்ல ஃப்ளைட் மாறுற கேப்ல கொஞ்ச நேரம் கிடைச்சா ஒரு நல்ல பழைய பப்ல போயி உக்காந்துட்டு வரலாம்னு நெனைக்கிறவன் படுற பாட்ட இன்னிக்கு கொட்டித் தீத்துடுறேன், கடுப்பு தாங்கல.

மொதல்ல இந்த "லண்டனின் மிகப் பழமையான 10 பப்கள்" லிஸ்ட் எழுதுறவங்க. யப்பா சாமிகளா, நீங்க ஒருத்தராவது அந்த பப்ப நேர்ல பாத்துருக்கீங்களா? ஒருத்தன் எழுதுனத இன்னொருத்தன் காப்பி அடிச்சு, அத மூணாவது ஆளு மாத்தி எழுதி, எல்லா லிஸ்ட்லயும் அதே போட்டோ அதே வரிசை, பேருக்குப் பக்கத்துல ஒரு வருஷம். அந்த வருஷம் எதோட வருஷம்னு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டான். அந்த மனைல மொதமொதல்ல சாராயம் வித்த வருஷமா, இப்ப நிக்கிற கட்டடத்த கட்டுன வருஷமா, இல்ல உள்ள இருக்குற மர வேலையும் கண்ணாடியும் போட்ட வருஷமா? மூணும் வேற வேறய்யா! ஹோல்பார்ன்ல சிட்டி ஆஃப் யார்க்னு ஒண்ணு இருக்கு, 1430-லேர்ந்து அந்த இடத்துல பப் இருக்குன்னு சொல்வாங்க, ஆனா இப்ப நிக்கிற கட்டடம் 1920-கள்ல திருப்பிக் கட்டுனது. அழகான எடம்தான், நான் இல்லைங்கல, ஆனா 1430-ய பாக்கப் போறேன்னு கெளம்புறவன்கிட்ட அத சொல்லணுமா இல்லையா?

கொஞ்சம் யோசிச்சாலே தெரியும். 1666-ல லண்டன்ல பிடிச்ச பெரிய தீயில 'சிட்டி'ன்னு சொல்ற பழைய நகரப் பகுதி முக்கால்வாசிக்கு மேல எரிஞ்சு போச்சு, அப்புறம் 1940-41ல ஜெர்மன்காரன் குண்டு போட்டான். இதுல தப்பிச்சு நிக்கிறது எத்தன இருக்கும்? ஃப்ளீட் ஸ்ட்ரீட்ல இருக்குற யீ ஓல்ட் செஷயர் சீஸ் கூட தீக்கப்புறம் 1667-ல திருப்பிக் கட்டுனதுதான், அத அவங்க மறைக்கவும் இல்ல. ஆனா ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல புதுசா மரப்பலக அடிச்சு, சுவத்துல படிக்கவே முடியாத புஸ்தகத்த பசை போட்டு ஒட்டி, வாசல்ல தங்க எழுத்துல ஒரு வருஷத்த எழுதி வெச்சிருக்கானுங்க பாருங்க, அங்கதான் எனக்கு பத்திக்கிட்டு வருது. நம்ம ஊர்ல திருப்பணின்னு சொல்லி ஆயிரம் வருஷத்து தூணுக்கு எனாமல் பெயின்ட் அடிச்சு தரைக்கு டைல்ஸ் ஒட்டுவாங்களே, அதே கதைதான். மெனு கார்டு பாத்தா இன்னும் எரியும், நாலு தெரு தள்ளி இன்னொரு "பாரம்பரிய" பப்ல பாத்த அதே பிளாஸ்டிக் அட்ட, அதே மீன் வறுவல், அதே வெல, ஏன்னா ரெண்டுக்கும் மொதலாளி ஒரே கம்பெனி.

அடுத்து மேப். "பழைய பப்"னு தேடுனா ஸ்டார் அதிகமா வாங்குனத மேல காட்டும், ஸ்டார் எதுக்கு குடுத்தாங்கன்னு பாத்தா சிக்கன் விங்ஸ் சூப்பராம், மேட்ச் போட்டாங்களாம்! உண்மையிலேயே பழசா இருக்குறதெல்லாம் சந்துக்குள்ள சந்துல ஒளிஞ்சு கெடக்கும். ஹாட்டன் கார்டன் பக்கம் யீ ஓல்ட் மைட்டர்க்கு போற வழி ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு ஆள் போற அகலம், நீல புள்ளி நான் அங்கதான் நிக்கிறேன்னு சொல்லுது, எதிர்ல பாத்தா நகைக்கட.

சரி கண்டுபிடிச்சாச்சுன்னு வைங்க, திறந்திருக்கணும்ல? சிட்டி பகுதி முழுக்க ஆபீஸ்காரங்கள நம்பி ஓடுற பப், அதனால நெறைய பப்புக்கு சனி ஞாயிறு லீவு. டூரிஸ்ட் வர்ற நாள்ல பூட்டு. வார நாள் சாயங்காலம் போனா மொத்த ஆபீஸும் கிளாஸோட ரோட்ல நிக்குது, உள்ள எல்லா டேபிள்லயும் ரிசர்வ்டு அட்ட, கைல பெட்டியோட போனவன் ஒத்தக்கால்ல நிக்கணும். பசிக்குதுன்னா கிச்சன் மூடியாச்சும்பான். டேபிள்ல உக்காந்தா யாராவது வந்து கேப்பாங்கன்னு காத்திருந்தா விடியுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான், கவுன்டர்ல போயி நாமளே வாங்கணும், இத எந்த லிஸ்டும் சொல்லல.

இவ்ளோக்கும் சுலபமா பாக்குற எடமே இருக்குங்க, அதான் வயித்தெரிச்சல். ஹீத்ரோ ஏர்போர்ட்லேர்ந்து எலிசபெத் லைன் ரயில்ல ஃபாரிங்டன் ஸ்டேஷன், அங்க மாறி தேம்ஸ்லிங்க் ரயில்ல ரெண்டாவது ஸ்டாப் பிளாக்ஃபிரையர்ஸ், ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே முக்கோணமா பிளாக்ஃபிரையர் பப். 1905 வாக்குல உள்ள பூரா பளிங்கும் செம்பும் வெச்சு குண்டு குண்டு சாமியாரா செதுக்கி எழச்சிருக்காங்க, 1960-கள்ல இடிக்கப் போனப்ப ஜான் பெட்ஜமன்னு ஒரு கவிஞர் போராடி காப்பாத்துனாரு. ஆனா "மிகப் பழமையான" லிஸ்ட்ல இது வராது, ஏன்னா வருஷம் பத்தல! ஹோல்பார்ன் பிரின்சஸ் லூயிஸும் அப்படித்தான், கட்டடம் 1872, டைல்ஸும் பூ வேலப்பாடு போட்ட கண்ணாடியும் 1891, ஆம்பளைங்க டாய்லெட் வரைக்கும் அரசாங்க பாதுகாப்புல இருக்கு (சிரிக்காதீங்க, நெஜம்). லண்டன் பிரிட்ஜ் பக்கத்துல ஜார்ஜ் இன், 1677-ல கட்டுனது, குதிர வண்டி வந்து நின்ன முற்றமும் மாடி வராண்டாவும் இன்னும் இருக்குற ஒரே லண்டன் சத்திரம், அதுலயும் ரெண்டு பக்கத்த ரயில்வே கம்பெனி இடிச்சு தள்ளிட்டு மிச்சம் வெச்சதுதான் நாம பாக்குறது.

உள்ள இருக்குற பழசு எவ்ளோ மிச்சம்னு பாத்து தரம் பிரிச்சு வெச்ச பட்டியல் ஏற்கனவே இருக்கு தெரியுமா? காம்ரான்னு பியர் ஆர்வலர் சங்கம், 1971-லேர்ந்து இருக்கு, அவங்க வேல அது. ஆனா தேடுனா மொதல்ல வர்றது சிக்கன் விங்ஸ்காரன்.

கார்ல்டன் டேவர்ன்னு ஒரு பப்ப 2015-ல அனுமதி இல்லாம இடிச்சுட்டாங்க, அந்த ஏரியா நகராட்சி வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடல, செங்கல் செங்கலா முன்ன இருந்த மாதிரியே கட்டித் தாடான்னு உத்தரவு போட்டு, 2021-ல திருப்பித் திறந்தாங்க. ஒரு பப்புக்காக இவ்ளோ மல்லுக்கட்டுற ஊர்ல, இது நெஜமா பழசு, இத்தன மணிக்கு திறந்திருக்கும்னு வந்தவனுக்கு சொல்ல ஒரு நாதி இல்ல.

அப்புறம் கீழ வந்து "குடிக்கத்தானே போன, டாஸ்மாக் போயேன்"னு எழுதப் போற அண்ணன்மார்களே, நான் வாங்குறது அரை பைன்ட், 284 மில்லி, அதையும் முழுசா முடிக்க மாட்டேன். எனக்கு வேண்டியது அந்த மர நாற்காலியும் கண்ணாடியும்தான்.

அடுத்த தடவ சனிக்கிழம மதியம் எறங்குறேன். அந்த நேரத்துல திறந்திருக்குற, நேர்ல போயி உக்காந்து பாத்த பப் பேரு தெரிஞ்சவங்க மட்டும் சொல்லுங்க. எவனாவது டாப் 10 லிங்க் போட்டீங்க, பிளாக் பண்ணிடுவேன்.