கத்திரி வெயிலில் திறந்து, கடற்காற்றுக்கு மூடும் ஊர்

சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது, பீச்சை விட்டால் மால்தானே என்று கேட்பவர்களோடு இப்போதெல்லாம் நான் சண்டை போடுவதில்லை. பார்க்க நிறையவே இருக்கிறது. ஆனால் மனுஷன் வெளியே தலைகாட்ட முடியாத நேரத்தில்தான் அதையெல்லாம் திறந்து வைக்கிறார்கள். காற்று வரத் தொடங்கும்போது பூட்டைத் தேடுகிறார்கள்.

எழும்பூர் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-ல் தொடங்கியது. திருவாலங்காடு நடராஜரும் திருவெண்காடு அர்த்தநாரீஸ்வரரும் அங்கேதான் நிற்கிறார்கள். அமராவதி ஸ்தூபியின் கற்களில் ஒரு பங்கு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது, இன்னொரு பங்கு இங்கே இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-ல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்த்த கருவிகளும் இங்கேதான் வந்து சேர்ந்தன. வேறு ஊராக இருந்தால் இந்த அர்த்தநாரீஸ்வரர் ஒருவருக்காகவே விமானம் ஏறி வருவார்கள். நாம்? காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடுகிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அப்பட்டமான ஆபீஸ் டைம். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிற யாருமே ஆபீஸில்தான் இருப்பார்கள் என்பது யாருக்கும் உறைக்கவில்லையா?

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் எப்போது வருகிறார்கள்? பள்ளிக்கூட லீவில். லீவு எப்போது? மே மாதம், சரியாகக் கத்திரியில். எழும்பூர் மியூசியம் ஒரே கட்டடம் அல்ல, வளாகம். ஒரு கட்டடத்தைப் பார்த்து முடித்து அடுத்ததற்குப் போக வெயிலில் நடக்க வேண்டும். திமிங்கில எலும்புக்கூடு வரைக்கும் பிள்ளைகள் உற்சாகமாக வருவார்கள். அதற்குப் பிறகு தண்ணீர், நிழல், வீடு, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இருக்காது. சோழர் காலச் செப்புத் திருமேனியின் இடுப்பு வளைவை அந்தப் பிள்ளைகளிடம் எந்த அப்பா நின்று விளக்குவார்?

கலங்கரை விளக்கம் இதைவிட வேடிக்கை. மெரினாவின் தென்கோடியில் இருக்கிறதே, 1977-ல் வந்தது. அதற்கு முன்னால் ஐகோர்ட் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பல வருஷம் யாரையும் ஏற விடாமல் வைத்திருந்து, 2013-ல் மறுபடி திறந்தார்கள். நல்ல காரியம். லிஃப்ட் இருக்கிறது. மேலே போனால் ஒரு பக்கம் கடல், கீழே மீனவர் குப்பம், தெற்கே சாந்தோம் கோபுரம், மேற்கே ஊர் முழுக்க விரிந்து கிடக்கும். சென்னையை முதல் தடவை பார்க்க வருகிறவரை நான் நேராக அங்கேதான் கூட்டிப்போவேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கீழே இறக்கிவிடுவார்கள். ஜூன் மாதத்தில் இந்த ஊரில் சூரியன் மறையவே ஆறரை ஆகிவிடும். கலங்கரை விளக்கம் என்று பெயர், விளக்கேற்றும் நேரத்தில் ஒருவருக்கும் அனுமதி இல்லை!

இந்த ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் தரை சூடேற ஏற, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது தாமதமாகும், அன்றைக்கு ஊரே வேகும். 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. கடற்காற்று நுழைந்துவிட்டால் நாலு, நாலரைக்கு மேல் ஊர் வேறு ஊராகிவிடும். பூக்காரம்மாவிலிருந்து மெரினாவில் சுண்டல் விற்கிற பையன் வரைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். கோயில்களுக்குப் பல நூறு வருஷமாகத் தெரியும். கபாலீஸ்வரர் கோயிலில் விடியற்காலை நடை திறந்து, உச்சிவேளை தாண்டியதும் சாத்தி, சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி திறக்கிறார்கள். ஆகம விதி ஒரு பக்கம் இருக்கட்டும். தரிசனத்துக்கு வருகிறவன் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், அதுவும் கணக்கில் வந்துதானே ஆக வேண்டும்?

வெள்ளைக்காரனுக்குக்கூட இது புரிந்திருந்தது என்பதற்கு மெரினா எதிரிலேயே சாட்சி நிற்கிறது. விவேகானந்தர் இல்லம் என்று இன்று நாம் சொல்கிற ஐஸ் ஹவுஸ். 1842-ல் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து இங்கே சேமித்து வைத்து விற்றார்கள். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இப்போதைய பெயர். நமது பிரச்சினைக்குப் பொருத்தமான சுற்றுலாத் தலம் இதைவிட வேறு கிடைக்காது.

நேரத்தைப் புரிந்துகொண்டவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. முட்டுக்காடு தாண்டி இருக்கும் முதலைப் பண்ணையில் இருட்டிய பிறகு டார்ச்சோடு கூட்டிப்போய்க் காட்டும் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டதும் தண்ணீருக்குள் வரிசையாகக் கண்கள் மின்னும், பகலில் கட்டை மாதிரி கிடந்த அதே முதலைகள்தான். மாணவர் அமைப்பு ஒன்று 1988-லிருந்து ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைக் காப்பாற்றுகிறது. வார இறுதியில் பொதுமக்களும் கூடவே போகலாம். நடுராத்திரிக்கு வரச் சொன்னாலும் கூட்டம் வருகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருட்டிய பிறகும்கூட நிரம்பி வழிகிறது, அதுவும் அரசாங்கக் கட்டடம்தானே? டெல்லியில் ஹுமாயூன் கல்லறையை இரவு ஒன்பது வரை திறந்து வைக்கலாம் என்று 2019-லேயே முடிவெடுத்தார்கள். இத்தனைக்கும் அங்கே குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு மார்கழியை விட்டால் என்ன இருக்கிறது?

சிலைத் திருட்டு நடக்கிற காலத்தில் ராத்திரியில் திறப்பதா என்பார்கள். செப்புத் திருமேனிகள் பகலிலும் கட்டடத்துக்குள் மின்விளக்கு வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு அவற்றுக்கு என்ன புது ஆபத்து? ஆள் போதாது என்பது உண்மையான பிரச்சினை, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் யாரும் வராத மத்தியான நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேர்வை துடைக்கும் ஊழியர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கூடுதல் ஆள் கேட்பதற்கு முன்னால் இருக்கிற ஷிஃப்டை நகர்த்திப் பார்க்கலாம். ஜார்ஜ் கோட்டை மியூசியத்தை மட்டும் இந்தப் பேச்சில் நான் சேர்க்கவில்லை. ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்ட செயின்ட் மேரீஸ் சர்ச்சும், 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றிய தேசியக்கொடியும் அந்த வளாகத்தில் இருந்தாலும், தலைமைச் செயலகமும் ராணுவமும் இருக்கிற இடத்தில் இரவு கூட்டத்தை விடமாட்டார்கள். அது நியாயமும்கூட.

எனவே பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை, சனி ஞாயிறு மட்டும், எழும்பூரில் செப்புத் திருமேனிக் கட்டடம் ஒன்றை மட்டும் மாலை நாலிலிருந்து ஒன்பது வரை திறந்து பார்க்கட்டும். கலங்கரை விளக்கத்தை ஏழு வரை நீட்டட்டும். வாசலில் குடிக்கத் தண்ணீரும் உட்கார நாலு பெஞ்சும் இருந்தால் போதும், லேசர் ஷோவெல்லாம் வேண்டாம். ஒரு கோடை முழுக்க டிக்கெட் எத்தனை விற்றது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்றால் பழையபடி ஐந்து மணிக்கே பூட்டிக்கொள்ளட்டும்.