பழைய வேட்டித் துண்டும் கிட்டார் கம்பியும்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் காட்பாடியில் எங்கள் வீட்டு மின்விசிறி அனலைத்தான் வீசும். அரை மணி நேரம் கிட்டார் வாசித்துவிட்டு எழுந்தால் முன்கை படிந்திருந்த பலகை ஈரமாக மினுங்கும். கம்பிகளும் தம் பங்குக்கு வியர்வையைக் குடித்திருக்கும். புதிதாக மாட்டிய செட் மூன்றே வாரத்தில் ஒலி மங்கி, மிக மெல்லிய முதல் கம்பியில் துருப் புள்ளி தோன்றும்போதெல்லாம், "மட்டமான சரக்கு" என்று கம்பியைத் திட்டியே சில ஆண்டுகளை ஓட்டினேன். வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவதில், ஐநூறு ரூபாயைத் தாண்டும் செட்டை அடிக்கடி வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது.

அக்கூஸ்டிக் கிட்டாரில் மெல்லிய கம்பிகள் இரண்டும் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய எஃகு; மற்ற நான்கும் எஃகுக் கம்பியின்மேல் வெண்கலம் சுற்றியவை. உப்பு எஃகை அரிக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. சுற்றுகளின் இடுக்கில் அடையும் அழுக்கு, கம்பியின் எடையை இடத்துக்கு இடம் மாற்றிவிடுவதால், விரல் வைக்காமல் மீட்டும்போது சரியாக நிற்கும் சுருதி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பிசகுவது பலருக்குத் தெரிவதில்லை. கிட்டாரே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். வாசிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்கிறேன். முடித்ததும், அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் நட்டிலிருந்து, உடற்பகுதியில் அவை பொருத்தப்பட்ட பிரிட்ஜ் வரை ஒவ்வொரு கம்பியாக இழுத்துத் துடைக்கிறேன். மேற்புறத்தை மட்டும் துடைப்பது வீண். முதல் நாள் அடிப்புறத்தை இழுத்தபோது வெள்ளைத் துணியில் ஆறு கறுப்புக் கோடுகள் விழுந்தன. துடைத்த கையோடு கிட்டாரை உறைக்குள் வைத்துவிடுவதால் பாலாற்றுப் புழுதியும் அண்டுவதில்லை.

தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று தேங்காய் எண்ணெயும் தடவிப் பார்த்தேன். புழுதி அப்பிக்கொண்டதுதான் மிச்சம். கம்பிகளைக் கழற்றிக் கொதிநீரில் போடும் வித்தை, பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிகளுக்குச் சில நாள் உயிர் கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் முறுக்கிய முனையை நிமிர்த்தி மறுபடி முறுக்கும்போது நம்முடைய மெல்லிய கம்பி அங்கேயே அறுந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அறுவது பெரும்பாலும் முதல் கம்பிதான். அதற்காக முழுச் செட்டையும் மாற்றாமல் கடையில் உதிரிக் கம்பி கேட்டு வாங்கலாம். எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் குற்றம் கம்பியில் இல்லை. பிரிட்ஜிலோ கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீயிலோ கூரான விளிம்பு இருக்கும். மேலுறை பூசிய கம்பிகள் நெடுநாள் உழைப்பவைதான் என்றாலும், சுருதி கூட்டும்போதே கம்பியை அறுத்துக்கொள்ளும் புதியவருக்கு அந்த விலை வீண் என்பேன். வியர்வைக் கைக்காரர்கள் எண்பதுக்கு இருபது என்று செம்பும் துத்தநாகமும் கலந்து சுற்றிய கம்பியைவிட மெதுவாக மங்கும் பாஸ்பர் பிரான்ஸ் (பாஸ்பரஸ் சேர்த்த வெண்கலம்) கம்பியை வாங்கினால் போதும்.

இப்போதிருப்பது பொங்கலுக்கு மாட்டிய செட். துரு இல்லை. ஆனால் ஆறாவது கம்பியின் அடியில், மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நேராக நகத்தை ஓட்டினால் சிறு பள்ளம் தட்டுகிறது. அதற்கு வேட்டித் துண்டு உதவாது; சம்பளம் வந்ததும் மாற்ற வேண்டும்.