ஒரு ஜோடி கியருக்காக முழு மிஷினையும் எடைக்குப் போடணுமா?

"அந்த மாடல் நிப்பாட்டிட்டாங்க அண்ணாச்சி, புதுசு ஒண்ணு எடுத்திருங்க."

இதைத் திருநெல்வேலி ஜங்ஷனில் கேட்டேன், வண்ணாரப்பேட்டையில் கேட்டேன், அம்பாசமுத்திரத்தில் கேட்டேன், கோயம்புத்தூருக்குப் போன் போட்டும் கேட்டேன். இன்னொருவர் சொன்னால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வயிறு எரிகிறது. என் களை ஓட்டுகிற மிஷினின் இஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. கயிற்றை இழுத்தால் ஒரே இழுப்பில் எடுக்கிறது. நீலப்புகை இல்லை, ஆயில் குறையவில்லை, ஆயில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினாலும் காற்றுத் தள்ளவில்லை. அடியில் இருக்கும் கியர்பாக்ஸில் ஒரு ஜோடி கியர் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்காக மொத்த மிஷினையும் பழைய இரும்புக்கடையில் போடு என்கிறார்கள்.

நான் சொல்வது பவர் வீடர், வாழைக்குள் களை ஓட்டுகிற மிஷின். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறேன். ஆறடி இடைவெளியில் டிராக்டர் நுழையாது. களை வெட்ட ஆளுக்குச் சொல்லி வைத்தால், அவர்கள் வருவதற்குள் கோரை முழங்காலுக்கு வந்துவிடும். மழை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த மிஷின் இல்லாமல் இன்று வாழை வைக்க முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டோம். அப்படி நம்மைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, சாமான் மட்டும் கிடையாது என்றால் கோபம் வராதா?

கியர் எப்படிப் போனது என்று சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். வாழைத் தோட்டத்தில் நார் கிடக்கும், காய்ந்த சருகு கிடக்கும், முட்டுக் கொடுத்த கயிற்றின் துண்டு கிடக்கும். கத்தி சுழலும்போது இதெல்லாம் ஷாஃப்டில் சுற்றும். சுற்றிச் சுற்றி இறுகி, ஆயில் சீலின் உதட்டுக்குள் நுழைந்துவிடும். சீல் கிழிந்தால் கியர் ஆயில் வெளியே கசியும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். சேறு பூசின மிஷினில் கசிவு வெளியே தெரியவும் தெரியாது. அப்புறம் பேரிங் சிதறும், பேரிங் சிதறினால் கியர் பல் ஒன்றோடொன்று மோதி உடையும். மேலப்பாளையத்தில் மெக்கானிக் பாய் கியர்பாக்ஸைப் பிரித்தபோது பக்கத்திலேயே நின்றேன். ஆயில் என்று ஒன்று இல்லை. சாம்பல் நிறத்தில் கூழ் வந்தது. அதை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார், இரும்புத் தூள் மினுமினுத்தது. ஷாஃப்டில் சுற்றியிருந்த நாரைக் கத்தி வைத்து அறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம், கருகிப் போயிருந்தது.

"அண்ணாச்சி, மிஷின் சாகல. இந்தச் சீலுதான் கொன்னிருக்கு," என்றார் பாய்.

ஒரு ரப்பர் வளையம்! அதற்கு வெளியே நார் தடுக்கிற தகட்டு வளையம் ஒன்று கொடுத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. வாழைக்கும் கரும்புக்கும் ஏற்ற மிஷின் என்று படம் போட்டு விற்றார்களே, வாழையில் நார் இருக்கும் என்பது தெரியாமலா விற்றார்கள்?

சரி, பிரித்தாயிற்று. பேரிங்குக்கு எந்தக் கவலையும் இல்லை. மேலே 6205 என்று எண் இருக்கிறது. உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6205 என்றால் அதே அளவுதான். பாளையங்கோட்டையில் வாங்கினாலும் பாரீஸில் வாங்கினாலும் பொருந்தும். எந்த அளவு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்ததால்தான் இது நடக்கிறது. சீலுக்குப் பழைய சீலின் முகத்தில் எண் தேடினோம், தேய்ந்துவிட்டது. வெர்னியர் வைத்து அளந்தால் கடைக்காரர் பட்டியலில் இல்லாத அளவாக வருகிறது. அதையும் பாய் சமாளித்தார். ஹவுசிங்கை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் கடைந்து, புஷ் அடித்து, கிடைக்கிற சீல் உட்காருகிற மாதிரி செய்துவிட்டார். இப்படிப்பட்ட கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுக்காமல் அடிக்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாட்டிக்கொண்டது கியரில். பெரிய பல்சக்கரமான கிரவுனும் அதை ஓட்டுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகச் செய்கிற பொருள். ஒன்றை மட்டும் மாற்றினால் பல் சரியாக உட்காராது, சத்தம் போடும், சீக்கிரமே தேயும். சுருள் பல்லை சாதாரண லேத்தில் வெட்ட முடியாது, அதற்கென்று தனி மிஷின் வேண்டும். வெட்டினாலும் மேல்பரப்பைச் சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஒரு பருவத்துக்குக்கூடத் தாங்காது. கோயம்புத்தூரில் வெட்டித் தருவார்கள், ஆனால் ஒரே ஒரு ஜோடிக்கு ஆகும் கூலியைக் கேட்டால் பாதி மிஷின் விலை வருகிறது. ஆக, செய்தவன்தான் கொடுக்க வேண்டும். செய்தவன் யார்? அங்கேதான் கதை நாறுகிறது.

மிஷின் மேல் ஒட்டியிருக்கிற பெயர் செய்தவர் பெயர் இல்லை, கொண்டு வந்து விற்றவர் பெயர். வெளிநாட்டில் ஒரே தொழிற்சாலையில் செய்த மிஷின் பச்சைப் பெயிண்டில் ஒரு பெயரிலும், சிவப்புப் பெயிண்டில் இன்னொரு பெயரிலும் வருகிறது. கடைக்காரர் முதலில் கேட்பது கம்பெனிப் பெயர். சொன்னால் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். இஞ்சின் எண் சொன்னால் கொஞ்சம் வழி பிறக்கிறது. 170எஃப், 178எஃப், 186எஃப் என்று வருமே, முதல் எண் ஒரு சிலிண்டர், அடுத்த இரண்டும் சிலிண்டர் விட்டம் மில்லிமீட்டரில், எஃப் என்றால் காற்றில் குளிர்கிற இஞ்சின். ஆனால் பெட்ரோலிலும் 170எஃப் உண்டு, டீசலிலும் 170எஃப் உண்டு. இரண்டுக்கும் விட்டம் ஒன்று, சாமான் வேறு வேறு. 186எஃப் வேறு, 186எஃப்ஏ வேறு. பின்னதில் பிஸ்டன் ஓடும் தூரம் 2 மில்லிமீட்டர் கூட. இதைக் கேட்டு வாங்கத் தெரியாத விவசாயி தவறான சாமானோடு வீட்டுக்குப் போவார், திரும்பி வருவார், "எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் சாமான் திருப்பி எடுக்கப்பட மாட்டாது" என்ற போர்டைக் காட்டுவார்கள். அவருடைய பஸ் காசும் ஒரு நாள் வேலையும் போனதுதான் மிச்சம். இஞ்சினுக்காவது இந்த அளவுக்கு எண் இருக்கிறது. கியர்பாக்ஸுக்கு ஒன்றுமே கிடையாது. தகடு இல்லை, எண் இல்லை, கூட வந்த புத்தகத்தில் கியர்பாக்ஸ் படமே இல்லை.

டீலரிடம் போன் போட்டேன். வாங்கும்போது வயலுக்கே வந்து ஓட்டிக் காட்டி, படம் எடுத்துக்கொண்டு போனவர். "சார், நாங்க அந்தக் கம்பெனி டீலர்ஷிப்பை விட்டுட்டோம் சார். இப்போ வேற பிராண்டு பண்றோம். ஏழு எச்பி, நல்லா இருக்கு சார், மானியம்கூட இருக்கு." மானியம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

மானியம் தப்பு என்று சொல்லவில்லை. வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்தியத் திட்டம் 2014-15இல் வந்தது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று உச்சவரம்போடு கொடுக்கிறார்கள். அது இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் மிஷின் பக்கமே போயிருக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய மிஷின்களுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள், அதுவும் நல்லதுதான். ஆனால் எல்லாச் சலுகையும் மிஷின் வாங்குகிற அந்த ஒரு நாளுக்கு. மத்தியப் பிரதேசத்தில் புத்னியிலும் ஆந்திராவில் கார்லதின்னேயிலும் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. இஞ்சின் சக்தி, எரிபொருள் செலவு, அதிர்வு எல்லாவற்றையும் அளக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து அந்த மிஷினுக்கு ஒரு கியர் கிடைக்குமா என்பதை அளக்க எந்த மீட்டரும் கிடையாது. மக்கள் வரிப்பணத்தில் பாதி போட்டு வாங்கின மிஷின், ஒரு ஜோடி கியர் இல்லாமல் இரும்பு விலைக்குப் போனால் அந்தப் பாதியும் சேர்ந்துதானே போகிறது? யாருக்கும் உறுத்தவில்லையா?

முடியாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 1980இல் வந்த டிவிஎஸ் 50க்கு இன்றும் பத்தமடை மாதிரி ஊரில் சாமான் கேட்டால் "எந்த மாடல்?" என்றுதான் கேட்பார்களே தவிர, இல்லை என்று கையை விரிக்க மாட்டார்கள். கிணற்றடியில் ஓடின பழைய கிர்லோஸ்கர் 5 எச்பி இஞ்சின்களுக்கு அப்பா காலத்தில் வாங்கின ரிங்கை இன்று மகனும் வாங்குகிறான். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் மிஷின் ஒன்று கிடந்தது. யாரோ பழைய மாணவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பி வைத்தது, எத்தனை வருடத்துப் பழசு என்பது அங்கே யாருக்கும் நினைவில்லை. அதையும் பாய்தான் பார்த்தார். பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் இஞ்சின். கூட்டின் மேல் மாடல், டைப், கோடு என்று மூன்று எண்களை அடித்து வைத்திருக்கிறார்கள். கோடு எண்ணைப் பார்த்தாலே செய்த வருடம் தெரியும், மாடல் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு நட்டுக்கும் படமும் பார்ட் நம்பரும் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் செய்த பழைய இஞ்சினின் கேஸ்கெட் எண் மேலப்பாளையத்துப் பட்டறையில் உட்கார்ந்தபடியே கிடைத்தது. பெல்ட்டில் மட்டும் ஒரு தொல்லை வந்தது. பி சைஸ் தானே என்று இங்கே கிடைக்கிற சாதாரண பம்புசெட் பெல்ட்டை மாட்டியிருந்தார்கள், அது பிய்ந்து பிய்ந்து போனது. புல்வெட்டியில் பெல்ட் பின்பக்கமாகவும் மடங்கி ஓடும். அதற்கென்று உள்ளே வலுவான வேறு இழை போட்டுச் செய்வார்கள். பார்ட் நம்பர் இருந்ததால் சரியான பெல்ட்டை வரவழைத்து, இப்போது ஓடுகிறது. அந்த மிஷினுக்கு இங்கே டீலர் கிடையாது, மானியமும் கிடையாது. இருந்தது ஒரு எண்ணும் ஒரு படமும்தான்.

2022 டிசம்பர் 24ஆம் தேதி மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளையும் நான்கில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இப்போது தேவை வந்து தேடிப் பார்த்தால் என் மிஷின் மேல் இருக்கிற பெயர் அதில் இல்லை. சேர விருப்பப்பட்ட கம்பெனி சேரலாம் என்று விட்டால், ஓடி ஒளிகிறவன் எதற்குச் சேருவான்? மானியப் பட்டியலில் பெயர் வேண்டுமா, முதலில் கியர்பாக்ஸ் படத்தையும் பார்ட் நம்பரையும் சாமான் விலையையும் தமிழில் கொண்டு வந்து கொடு, இத்தனை வருடத்துக்குச் சாமான் தருவேன் என்று எழுதிக்கொடு, தராவிட்டால் பட்டியலிலிருந்து வெளியே போ. இப்படிச் சொல்ல ஒரு அரசாங்க உத்தரவு போதும்.

ரிப்பேர் பார்க்கலாமா, புதுசு வாங்கலாமா என்பதை மிஷினைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சிலிண்டர் தேய்ந்து, பிளாக் விரிசல் விட்டு, கிராங்க் வளைந்திருந்தால் விட்டுவிடலாம், நானே விட்டுவிடுவேன். ரிங் மட்டும் போயிருந்தால் ரிங் போடலாம், கொஞ்சம் தேய்ந்திருந்தால் போரிங் போட்டுப் பெரிய சைஸ் பிஸ்டன் போடலாம், கறுப்புப் புகை என்றால் முதலில் நாசிலைக் கழற்றிப் பார்க்கலாம். இதையெல்லாம் காதால் கேட்டே சொல்லிவிடுகிற மெக்கானிக்குகள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆனால் இன்றைக்கு முடிவை அவர்கள் எடுப்பதில்லை, நாமும் எடுப்பதில்லை. சாமானை நிறுத்திவிட்டவன் எங்கேயோ உட்கார்ந்து நமக்காக எடுத்துவிடுகிறான். நல்ல இஞ்சினை இரும்புக்கடைத் தராசில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. ஏற்றவும் மாட்டேன்.

கிரவுன் பினியன் இன்னும் பாய் பட்டறையில்தான் இருக்கிறது. சுருள் பல், பினியனில் 11, கிரவுனில் 24. பினியன் உள்துளையில் 6 காடி, இரண்டுக்கும் 6205 பேரிங், வெளியே வருவது அறுகோண ஷாஃப்ட். இதே கியர் வேறு பெயரில், வேறு பெயிண்டில் வந்த மிஷின் யாரிடமாவது ஓடாமல் கிடந்தால் சொல்லுங்கள். பழசானாலும் பரவாயில்லை, பல் முழுசாக இருந்தால் போதும். ஜோடியாக வேண்டும், ஒற்றை உதவாது.