சர்ரேயில் கவுன்சில் கலைந்தால் வீட்டு இலக்கும் போய்விடுமா?

“இங்கிலாந்தின் சர்ரேயில் மாவட்ட கவுன்சில்களைக் கலைத்துவிட்டால், புது வீடுகள் கட்டும் கட்டாயமும் ஒழிந்துவிடும்” என்று ஒரு தகவல் பரவுகிறது. அது தவறு.

சர்ரே முழுமைக்குமான கவுண்டி கவுன்சிலும், அதன் கீழ்ப் பகுதிகளுக்கான 11 மாவட்ட, பரோ கவுன்சில்களும் போய், கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என இரண்டே கவுன்சில்கள் 2027 ஏப்ரலில் பொறுப்பேற்கவுள்ளன. கட்டட அனுமதி தரும் வேலை அப்படியே அவற்றிடம் போகும். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை புது வீடுகள் தேவை என்று கணக்கிடும் முறையைக் கட்டாயமாக்கியது பிரிட்டனின் மத்திய அரசு, 2024 டிசம்பரில். கவுன்சில் மாறினாலும் அது மாறாது.

புது வீடுகள் வந்தால் கிளினிக்கில் கூட்டம் இன்னும் கூடுமே என்று, டாக்டரைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் கோபப்படுவது நியாயமானது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் ஜிபி (பொது மருத்துவர்) கிளினிக்குகள் கவுன்சிலின் பொறுப்பல்ல, அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பொறுப்பு. இருந்தாலும், 1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, பள்ளிக்கும் சாலைக்கும் கிளினிக்குக்கும் கட்டுமான நிறுவனத்திடம் கவுன்சில் பணம் பெறலாம். உங்கள் பகுதிக்கு எவ்வளவு பெற்றார்கள் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.