நம்பர் இல்லாத பையன்

பாக்கியம்: கொழுந்து நிறுக்கிற மடுவத்தில்தான் நீ ஐயா. இங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தால் தம்பி. உட்காரு.

சுந்தரம்: சரி அக்கா. எங்கள் டிஷ்ஷுக்குக் காசு போட மறந்துவிட்டேன், அதுதான். அவுஸ்திரேலியாவில் டெனிஸ் இறுதிப் போட்டி. ஒரு இரண்டு மூன்று மணித்தியாலம்.

பாக்கியம்: இங்கே மருமகள் பாலில் மாமியார் விஷம் கலக்கப் போகிற நேரம்.

சுந்தரம்: அது நாளைக்கும் கலக்க மாட்டாள் அக்கா. இன்னும் ஒரு மாதம் எடுக்கும்.

பாக்கியம்: அதுவும் சரிதான். மாற்று.

(நான் பக்கத்துக் காம்பரா, பக்கத்து அறை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம், காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்தச் சுந்தரம் கொழுந்து நிறுத்துக் கணக்கு எழுதுகிற கணக்கப்பிள்ளை. சின்ன வயதில் துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கியவன், அதனால் டெனிஸ் என்றால் உயிர்.)

பாக்கியம்: தரை நல்ல பச்சையாக இருக்கிறதே. மூலையில் என்னவோ எழுதியிருக்கிறதே, என்ன அது?

சுந்தரம்: அதுவா... கம்பனி பேர். அதை விடுங்க. துரை மாதிரி அமைதியாக நிற்கிறாரே, அவர்தான் ரொஜர் பெடரர், சுவிஸ்காரர், உலகத்திலேயே முதல் நம்பர். கிராண்ட் ஸ்லாம் என்று நான்கு பெரிய போட்டி இருக்கிறது, அதில் இதுவரை ஆறு இறுதிப் போட்டிக்கு வந்து ஆறையும் ஜெயித்தவர். தாடி வைத்த பையன் மார்கோஸ் பக்டாட்டிஸ். சைப்ரஸ்காரன். இருபது வயது. உலகத்தில் ஐம்பத்து நான்காவது.

பாக்கியம்: பேர் போட்டபோது அவருக்குப் பக்கத்தில் 1 என்று இருந்தது. இந்தப் பையன் பேருக்குப் பக்கத்தில் ஒன்றையும் காணவில்லையே?

சுந்தரம்: மொத்தம் 128 பேர் விளையாடுகிறார்கள் அக்கா. முதல் 32 பேருக்குத்தான் பக்கத்தில் நம்பர் போடுவார்கள். மிச்சம் 96 பேருக்கு நம்பர் கிடையாது.

பாக்கியம்: எங்கள் செக்ரோலில், அந்தப் பேர் எழுதுகிற புத்தகத்தில், எல்லோருக்கும் நம்பர் இருக்கிறது. எங்களை ஒருத்தரும் டீவியில் காட்டக் காணோம்.

சுந்தரம்: இது வேறு நம்பர். முதலாம் நம்பர்காரரும் இரண்டாம் நம்பர்காரரும் தொடக்கத்திலேயே மோதிக்கொள்ளக் கூடாது, அதற்காக ஆளை இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துப் போடுவார்கள். நம்பர் இல்லாதவன் முதல் நாளே யாரிடம் மாட்டுவான் என்று சொல்ல முடியாது.

பாக்கியம்: ஓ. வேண்டிய ஆட்களுக்கு நல்ல கொழுந்து இருக்கிற மலையை முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுவது. மிச்சம் பேர் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு காட்டு மலைக்கு.

சுந்தரம்: அப்படி இல்லை அக்கா.

பாக்கியம்: அப்படித்தான் தம்பி.

சுந்தரம்: ஆனால் இந்தப் பையன் லேசுப்பட்டவன் இல்லை. இரண்டாம் நம்பர் ரொடிக்கை வீட்டுக்கு அனுப்பினான், ஏழாம் நம்பர் லுபிச்சிச்சை அனுப்பினான், அரையிறுதியில் நால்பாண்டியன்... நல்பண்டியனிடம் இரண்டு செட் தோற்று, பிறகு மூன்று செட்டையும் எடுத்தான்.

பாக்கியம்: பாண்டியனா? நம்ம ஆளா?

சுந்தரம்: ஆர்ஜென்டினா அக்கா.

பாக்கியம்: அங்கேயும் தோட்டம் இருக்கிறதா? சரி, நான் பையன் பக்கம்.

சுந்தரம்: நான் பெடரர். நூறு ரூபாய் பந்தயம் வைப்போமா?

பாக்கியம்: வை.

(சுந்தரம் ‘வைப்போமா’ என்று கேட்ட குரல் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வேலை முடிந்து சாக்கோடு வரிசையில் நிற்கிற பெண்களிடம் ‘ம், அடுத்தது’ என்று சொல்கிற அதே குரல்.)

பாக்கியம்: இப்போது என்ன கணக்கு?

சுந்தரம்: ஒரு பொயிண்ட் எடுத்தால் பதினைந்து. இரண்டாவதுக்கு முப்பது. மூன்றாவதுக்கு நாற்பது.

பாக்கியம்: இரு. பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்துதானே வர வேண்டும்?

சுந்தரம்: இல்லை, நாற்பது.

பாக்கியம்: மிச்சம் ஐந்து எங்கே?

சுந்தரம்: அது அப்படித்தான் அக்கா, ஆதிகாலத்திலிருந்து.

பாக்கியம்: தண்ணிக்கழிவா?

சுந்தரம்: ...

பாக்கியம்: அங்கே யார் கணக்கப்பிள்ளை?

சுந்தரம்: அக்கா, மெட்ச்சைப் பாருங்க.

பாக்கியம்: பார்க்கிறேன். மழையும் இல்லை, வெயில் அடித்த ஊர் மாதிரி இருக்கிறது, அதிலும் ஐந்து கழிக்கிறார்கள். நீங்களாவது மழையைக் காட்டுவீர்கள்.

(கொழுந்து மடுவத்தில் தராசு வைத்திருக்கிற இடத்தை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். அதன் முகம் எழுதுகிறவர் பக்கம். சாக்கைத் தூக்கி மாட்டுகிறவள் பார்ப்பது தராசின் முதுகை. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணிக்கழிவு என்று இரண்டு மூன்று கிலோ போகும், சரி, இலை நனைந்திருக்கிறது. மாசி பங்குனியில் வாய் காய்ந்து கிடக்கும்போதும் அதே கழிவு போகும், கேட்டால் காலைப் பனி. அதற்கு மேல் சாக்குக்கு ஒன்று, முற்றின இலை என்று ஒன்று. 2021-இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள், எங்கள் தோட்டத்தில் அத்தோடு கிலோவையும் இருபதாக ஏற்றினார்கள். இருபத்திரண்டு எடுத்தவளுக்குப் புத்தகத்தில் பதினெட்டு விழுந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்.)

சுந்தரம்: பாருங்க, முதல் செட் பையனுக்கு. 7-5.

பாக்கியம்: பார்த்தாயா! நம்பர் இல்லாதவன்!

சுந்தரம்: ஆமாம் அக்கா. நம்பர் இல்லாதவர்கள் கப்பே எடுத்திருக்கிறார்கள். 1985 விம்பிள்டனில் போரிஸ் பெக்கர், பதினேழு வயது, நம்பர் கிடையாது, ஜெயித்தான். 1997-இல் பிரான்சில் பிரேசில்காரன் கூர்ட்டன், அறுபத்தாறாவது இடத்தில் இருந்தவன், ஜெயித்தான். 2001-இல் இவானிசெவிச் 125-ஆவது இடம், பாவம் பார்த்து உள்ளே விட்டார்கள், விம்பிள்டனையே எடுத்துக்கொண்டு போனார்.

பாக்கியம்: பொம்பளைப் பிள்ளைகளில் யாரும் இல்லையா?

சுந்தரம்: ஏன் இல்லை? 2021 அமெரிக்காவில் எம்மா ரதுகானு. பதினெட்டு வயது. தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து பத்து மெட்ச், ஒரு செட் கூட விடவில்லை.

பாக்கியம்: அப்படியென்றால் இருநூறு.

சுந்தரம்: உங்கள் விருப்பம்.

(இரண்டாவது செட் தொடக்கத்திலும் பையன்தான் முன்னால் போனான். அக்கா முந்நூறு என்றாள். சுந்தரம் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு, உங்கள் விருப்பம் அக்கா, என்றான். இன்னொரு தடவை பையன் கையை உயர்த்திச் சிரித்தான், சைப்ரஸ் கொடி பிடித்த கூட்டம் பாட்டுப் பாடியது, அக்கா ஐந்நூறுக்குப் போனாள். உங்கள் விருப்பம்.)

சுந்தரம்: இனிப் பாருங்க. இந்த செட்டை பெடரர் எடுப்பார்.

பாக்கியம்: நீ என்ன சாத்திரக்காரனா?

சுந்தரம்: அனுபவம் அக்கா. பார்த்தீர்களா, 7-5. அடுத்ததில் பையனுக்கு ஒன்றும் கிடைக்காது.

பாக்கியம்: ஒன்றுமேவா?

சுந்தரம்: ஒன்றுமே. 6-0 என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

(6-0.)

பாக்கியம்: நீ மலையடியில் மேசை போட்டு உட்கார்ந்தாயானால் நல்ல வருமானம் வரும்.

சுந்தரம்: (சிரிக்கிறான்) ஆட்டம் தெரிந்தவனுக்கு முன்னாலேயே தெரியும் அக்கா. சாக்கைப் பார்த்தாலே எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியும்தானே, அது மாதிரி.

பாக்கியம்: தெரியும் தெரியும், சாக்கு வருவதற்கு முன்னாலேயே தெரியும். ஐயோ, அந்தப் பந்து கோட்டில்தானே பட்டது? வெளியே என்று எப்படிச் சொல்கிறான்?

சுந்தரம்: வெளியேதான் அக்கா.

பாக்கியம்: நீ சொன்னால் போதுமா? பேத்தி போனில் ஒரு மெட்ச் காட்டினாள். பந்து எங்கே விழுந்தது என்று பெரிய திரையில் நிழல் மாதிரி போட்டுக் காட்டினார்கள். ஒரு மயிரிழை கோட்டில் பட்டிருந்தால் கூடத் தெரிகிறது. ஊரே பார்க்கிறது. அதை ஏன் இங்கே காட்டவில்லை?

சுந்தரம்: அப்போது அது வரவில்லை அக்கா. பெரிய போட்டிகளில் அந்த வருஷம் பிற்பகுதியில் அமெரிக்காவில்தான் முதலில் போட்டார்கள். இங்கே அடுத்த வருஷம்தான்...

பாக்கியம்: எப்போது?

சுந்தரம்: ம்?

பாக்கியம்: அப்போது என்றாயே. எப்போது?

சுந்தரம்: மழை வரப்போகிறது போல இருக்கிறது. நான் கிளம்பட்டுமா?

பாக்கியம்: உட்காரு. மூலையில் எழுதியிருப்பது என்ன?

சுந்தரம்: பழைய மெட்ச் என்று.

பாக்கியம்: எவ்வளவு பழசு?

சுந்தரம்: 2006 ஜனவரி. அப்போது இதைக் கிளப்பில் நின்று பார்த்தேன். இப்போது தரை கூட நீலம். அக்கா, சும்மா விளையாட்டுக்குத்தான்...

பாக்கியம்: முடிவை எழுதி வைத்துவிட்டுத்தான் நிறுக்க உட்கார்ந்திருக்கிறாய். அதுவும் உனக்கு வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்.

சுந்தரம்: பந்தயம் வேண்டாம் அக்கா. விட்டுவிடுவோம்.

பாக்கியம்: ஏன் விட வேண்டும்? எழுதினது எழுதினதுதான் என்று மடுவத்தில் நீதானே சொல்வாய். முழுதாகப் பார்ப்போம். இப்போது அந்தத் திரை எல்லா இடத்திலும் இருக்கிறதா?

சுந்தரம்: அநேகமாக எல்லா இடத்திலும். இதே மெல்பேர்னில் 2021-இலிருந்து கோட்டுக்கு ஆளே நிற்பதில்லை, எல்லாம் கமராதான். 2025-இல் விம்பிள்டனிலும் ஆட்களை எடுத்துவிட்டார்கள். நடுவில் கொஞ்ச வருஷம் சேலஞ்ச் என்று ஒன்று இருந்தது. நடுவர் சொன்னது பிழை என்று தோன்றினால் கையைத் தூக்கலாம், உடனே திரையில் காட்ட வேண்டும். கேட்டது சரியென்றால் திரும்பவும் கேட்கலாம், பிழையாகக் கேட்டால்தான் ஒரு செட்டுக்கு மூன்றோடு முடிந்துவிடும்.

பாக்கியம்: முதல் நம்பர்காரனுக்குக் கூட மூன்றா?

சுந்தரம்: அவருக்கும் மூன்று, பையனுக்கும் மூன்று.

பாக்கியம்: பந்துக்கு அவ்வளவு மரியாதை. ஒரு தராசைத் திருப்பி வைக்க எவ்வளவு செலவாகும் தம்பி?

சுந்தரம்: அது என் கையில் இல்லை அக்கா. மேலே இருந்து இவ்வளவு கழிக்கச் சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன்.

பாக்கியம்: ஆமாம், பேனாதான் எழுதுகிறது.

(நான்காவது செட் 6-2. பெடரர் ஜெயித்தார். ரோட் லேவர் என்ற பழைய பெரிய ஆட்டக்காரர் கையால் கப் வாங்கியபோது மனிதர் பேச முடியாமல் அழுதார். அக்காவுக்கு அது மட்டும் பிடித்திருந்தது. ஜெயிக்கிறவனும் கொஞ்சம் அழட்டும், என்றாள். பிறகு சுருக்குப்பையை அவிழ்க்கிற சத்தம்.)

பாக்கியம்: ஐந்நூறு. தண்ணிக்கழிவு நூறு.

சுந்தரம்: நோட்டு காய்ந்துதானே இருக்கிறது?

பாக்கியம்: காலையில் பனி. சாக்குக்கழிவு ஐம்பது.

சுந்தரம்: சாக்கு எங்கே?

பாக்கியம்: இந்தச் சுருக்குப்பைக்கு எடை இல்லையா? முற்றின இலை நூறு.

சுந்தரம்: இலையா?

பாக்கியம்: எல்லாம் பழைய நோட்டு. இருநூற்றைம்பது, பிடி. உனக்கு இன்றைக்கு அரைப்பேர்.

சுந்தரம்: அக்கா, இது அநியாயம். நான் சேலஞ்ச் பண்ணுகிறேன்.

பாக்கியம்: 2006 ஜனவரியில் அது வரவில்லை என்றாயே. ம், அடுத்தது.